நார்டால் 17, எல்ம் ரிவர் 19

இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் என் கையால் நானே நட்ட பெயர்ப்பலகையின் மேல் என் காரைக் கொண்டுபோய் மோதினேன். சாலையில் வேறு வண்டி கிடையாது. மழை இல்லை, பனி இல்லை, குறுக்கே மான் ஓடவில்லை. மான் ஓடியிருந்தால் வெளியே சொல்லிக்கொள்ள கௌரவமாக இருந்திருக்கும். அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்தேகால் மணி, ஊசி விழுந்தாலும் கண்ணில் படுகிற வெளிச்சம்.

நடந்தது இதுதான். சாலை போய் முட்டும் சந்திப்பு அது. இடது பக்கம் திரும்பினால் நார்டால், பதினேழு மைல். வலது பக்கம் திரும்பினால் எல்ம் ரிவர், பத்தொன்பது மைல். நேரே போனால் யாரோ ஒருவருடைய சோயா வயல்.

"எந்தப் பக்கம்?" என்று மார்லிஸைக் கேட்டேன்.

"உனக்கு எது சௌகரியமோ."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். உனக்கு?"

"எனக்கும் ஒண்ணுதான், டுவேன்."

நாற்பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்திய முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்ததெல்லாம் எதிரே பச்சைப் பலகையில், வெள்ளை எழுத்தில், ஆறு அங்குல உயரத்தில் இருந்தது. அதை நான் மிக அருகில் பார்த்தேன்.

மாவட்ட நெடுஞ்சாலைத் துறையின் பலகைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். எங்கள் மினசோட்டா மூலையில் யார் எந்த ஊருக்குப் போனாலும் என்னுடைய அம்புக்குறியைப் பார்த்துத்தான் திரும்பினார்கள். கம்பங்களை ஒரு சூட்சுமத்தோடு நடுவோம். வண்டி மோதினால் அடியில் இருக்கும் இணைப்பு முறிந்து கம்பம் விலகிவிட வேண்டும், உள்ளே இருக்கிறவன் பிழைக்க வேண்டும். எத்தனையோ கம்பங்களை அப்படி நட்டிருக்கிறேன். ஒன்றுகூட வேலை செய்வதை நேரில் பார்த்ததில்லை. இது அடியில் படக்கென்று முறிந்து, எங்கள் கூரைக்கு மேலாக ஒரு சுற்றுச் சுற்றி, பின்னால் போய் விழுந்தது. நாங்கள் சாலையோரப் பள்ளத்தைத் தாண்டி சோயாவுக்குள் மூக்கை நுழைத்து நின்றோம்.

"பாத்தியா, எவ்வளவு சுத்தமா முறிஞ்சுது!" என்றேன்.

"ரொம்ப அழகு," என்றாள் மார்லிஸ், மடியிலிருந்து நழுவிய கைப்பையை எடுத்தபடி. "இப்ப நாம வயல்ல இருக்கோம்."

வயலில் இருந்ததற்குக் காரணம் ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. அந்த மாதம் இரண்டு கடிதங்கள் வந்தன. நார்டால், எல்ம் ரிவர் இரண்டும் ஆளுக்கொரு சின்னக் கல்லூரியை வைத்துக்கொண்டு பிழைக்கிற ஊர்கள். இரண்டும் பழைய மாணவர்களை வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடும். எழுபத்தாறில் படிப்பை முடித்த எங்கள் வகுப்புக்கு இந்த வருடம் ஐம்பது வருடம் நிறைகிறது. இரண்டு கல்லூரிகளும் ஒரே சனிக்கிழமையில் கூப்பிட்டிருந்தன. எல்ம் ரிவரில் பகல் ஒரு மணிக்கு ஊர்வலம். நார்டாலில் இரண்டு மணிக்குத் தேவாலயத்தில் பழைய பாடகர் குழு முழுவதும் சேர்ந்து பாடுகிறது. பன்னிரண்டரைக்கே ஒத்திகைக்கு வந்துவிட வேண்டும்.

நான் எல்ம் ரிவரில் படித்தவன். மார்லிஸ் முதல் இரண்டு வருடம் நார்டாலில் படித்துவிட்டு, மூன்றாம் வருடம் எல்ம் ரிவருக்கு மாறி வந்தவள். ஏன் மாறினாள் என்றால், நான் அங்கே இருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை.

இரண்டு கடிதங்களும் மூன்று மாதம் குளிர்பெட்டிக் கதவில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. பால் எடுக்கும்போதெல்லாம் "நார்டாலுக்கே போலாமே" என்பேன். "உன் ஆளுங்க எத்தனை பேர் மிச்சம் இருக்காங்க, அங்க போ" என்பாள். "உனக்குப் பாட்டு இருக்கே" என்பேன். "என் தொண்டையைக் கேட்டு யாரு அழுதா" என்பாள். ஆளுக்கு ஒரு வழியாகப் போகலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் ஊரில் கணவன் மனைவி தனித்தனிக் காரில் கிளம்பினால் அன்று மாலைக்குள் போதகர் வீட்டுக்கு வந்துவிடுவார். கடைசியில் சந்திப்பு வரைக்கும் போவோம், அங்கே தெரிந்துவிடும் என்று கிளம்பினோம். தெரிந்துவிட்டது.

வயலின் அந்தக் கோடியிலிருந்து அறுவடை இயந்திரம் மெதுவாக எங்களை நோக்கி வந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் இறங்கினார். பெயர் கேலன். காரைப் பார்த்தார், சோயாவைப் பார்த்தார், முறிந்த கம்பத்தைப் பார்த்தார், வானத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் விலகிப் போச்சு போல," என்றார்.

"கொஞ்சம்தான்," என்றேன். "உங்க சோயா..."

"அது பரவால்ல. இதைவிட மோசமா நடந்திருக்கலாம். அடி கிடி பட்டுச்சா?"

"ஒண்ணுமில்ல," என்றாள் மார்லிஸ். "இவரோட மானம் மட்டும்."

"டிராக்டர் கொண்டு வரேன், இழுத்துப் போட்டுடலாம்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம், அறுவடை நேரத்துல..."

"சிரமம் என்ன இருக்கு."

"இல்ல, ஆள் யாரையாவது கூப்பிட்டுக்கறோம்."

"டிராக்டர் சும்மாதான் நிக்குது."

இரண்டு தடவை மறுத்தாகிவிட்டது. இனி ஒப்புக்கொண்டால் மரியாதைக் குறைவில்லை. ஒப்புக்கொண்டேன்.

அவர் டிராக்டர் எடுக்கப் போனதும் என் பழைய அலுவலகத்து ட்ரெவருக்குப் போன் செய்தேன். எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவன்.

"நூத்திப் பதினாலாம் பலகை விழுந்துடுச்சு," என்றேன்.

"எப்படி?"

"ஒரு கிழவன் காரை ஏத்திட்டான்."

"குடிச்சிருந்தானா?"

"இல்ல. பொண்டாட்டியோட பேசிக்கிட்டிருந்தான்."

"அது அதைவிட ஆபத்து," என்றான் ட்ரெவர். "சரி, திங்கக்கிழமைதான் ஆள் அனுப்ப முடியும்." போனை வைக்கப் போனவன் நிறுத்தினான். "டுவேன், பலகை நம்பரை மனப்பாடமாச் சொல்ற கிழவன் இந்த மாவட்டத்துல ஒருத்தர்தான் இருக்காரு."

"இணைப்பு சுத்தமா முறிஞ்சுது, ட்ரெவர். ஒரு பிசிறு இல்ல."

"சந்தோஷம்," என்றான்.

டிராக்டர் வந்தது. முன்பக்க பம்பர் ஒரு பக்கம் தொங்கியதைக் கேலன் வைக்கோல் கட்டும் கயிற்றால் கட்டிவிட்டார். ஒரு விளக்கு உடைந்திருந்தது. மற்றபடி கார் ஓடும். மணி பத்தே முக்கால். இரண்டு ஊருக்கும் இன்னும் நேரம் இருந்தது. அதுதான் தொந்தரவே. வண்டி முழுசாக நொறுங்கியிருந்தால் வீட்டுக்குத் திரும்பி, இரண்டு பேரும் சமமாக ஏமாந்து, நிம்மதியாக இருந்திருப்போம்.

இதற்குள் சந்திப்பில் இரண்டு கார்கள் வந்து நின்று, இப்படியும் அப்படியும் பார்த்து, குத்துமதிப்பாகத் திரும்பிப் போயின. ஒன்றில் நார்டாலின் ஊதாக் கொடி பறந்தது. அது வலது பக்கம், எல்ம் ரிவரை நோக்கிப் போயிற்று. இதைப் பார்த்துக்கொண்டு பலகைக்காரன் ஒருவன் நிற்க முடியாது.

காரின் பின்பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு பலகை இருந்தது. நெடுஞ்சாலைப் பச்சை, ஒளி தெறிக்கும் வெள்ளை எழுத்து: 1976. ஊர்வலத்தில் எங்கள் வகுப்புக்கு முன்னால் நான் பிடித்துக்கொண்டு நடப்பதற்காக ஒரு வாரம் கொட்டகையில் உட்கார்ந்து செய்தது. ஐம்பத்தெட்டு பேர் படித்த வகுப்பு. பத்தொன்பது பேர் வருகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். அதில் நடக்கக்கூடியவர்கள் பதினொரு பேர்.

பலகையை வெளியே எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் வெறும் தகரம்.

"டிராக்டருக்கு அடிக்கற சிவப்பு பெயிண்ட் இருக்குமா?" என்று கேலனைக் கேட்டேன்.

மார்லிஸ் கோட்டுப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். "அது உங்க வகுப்போட பலகை."

"பின்பக்கம் சும்மாத்தானே கிடக்கு."

நான் முட்டி போட்டு உட்கார்ந்து எழுதினேன். இடது அம்பு, நார்டால் 17. வலது அம்பு, எல்ம் ரிவர் 19. கேலன் இரண்டு வேலிக் கம்பங்களை அடித்துக் கொடுத்தார். பலகையைக் கட்டி நிறுத்திவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தபோது எனக்கே என் மேல் பெரிய மதிப்பு வந்தது. பலகை இல்லாமல் நான் எல்ம் ரிவருக்குப் போய் என்ன செய்வது? ஆக நார்டால் என்று முடிவாகிவிட்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை, யார் மனதும் நோகவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு நல்ல முடிவு இப்படித்தான் எடுக்கப்படும்.

"காபி குடிச்சிட்டுப் போங்க," என்றார் கேலன்.

"ஐயோ, வேண்டாம்."

"லவோன் போட்டுட்டா."

"நேரமாச்சு, இன்னொரு நாள்..."

"ரெண்டு நிமிஷம்."

லவோன் அவர் மனைவி. சமையலறை மேசையில் ஏற்கனவே நான்கு கோப்பைகள் இருந்தன. நடுவே ஒரு தகர ட்ரே. அதில் சதுரம் சதுரமாக வெட்டிய பூசணிக்காய்க் கேக், மேலே வெண்ணெய்ப் பூச்சு. நாங்கள் அதற்குப் 'பார்' என்று பெயர் வைத்திருக்கிறோம். சாவு வீடு, கல்யாணம், பள்ளிக்கூடக் கூட்டம், பள்ளத்தில் விழுந்த கார், எதுவாக இருந்தாலும் இது வந்துவிடும்.

"வழி தவறினவங்களா?" என்றாள் லவோன். "உக்காருங்க. இந்த வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்க பாதிப் பேர் வழி தவறினவங்கதான். அந்தப் பலகை இருக்கே, அது யாரு கண்ணுக்கும் தெரியாது."

"ஏன் தெரியாது?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் நாங்க மக்காச்சோளம் போடுவோம். ஆளு உயரம் வளந்து நிக்கும். பச்சைச் சோளத்துக்கு முன்னாடி பச்சைப் பலகையை நட்டு வச்சிருக்கான் யாரோ. ஜூலையில இருந்து அறுக்கற வரைக்கும் அது அங்க இருக்கறதே தெரியாது. எவன் நட்டானோ, வயல்னா அதுல ஏதாவது முளைக்கும்னு அவனுக்குத் தோணவே இல்ல பாருங்க."

நான் காபியைக் குடித்தேன். அந்தப் பலகையை மார்ச் மாதம் நட்டேன். நாலு பக்கமும் பனி. வெள்ளைப் பனிக்கு முன்னால் அது எவ்வளவு பளிச்சென்று இருந்தது என்று அன்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"இவருதான் நட்டாரு," என்றாள் மார்லிஸ்.

லவோன் சட்டென்று ட்ரேயை என் பக்கம் நகர்த்தினாள். "இன்னொண்ணு எடுத்துக்குங்க. பலகை... பரவால்லாமத்தான் இருந்துச்சு."

"குளிர்காலத்துல ரொம்ப நல்லாத் தெரியும்," என்றார் கேலன்.

ஜன்னல் வழியாகச் சந்திப்பு தெரிந்தது. என் சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டு ஒரு கார் இடது பக்கம் திரும்பியது. அந்தப் பாதையை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். எழுபத்து மூன்றில் என் அண்ணனின் பீட்ரூட் டிரக்கில் அந்தப் பதினேழு மைலை எத்தனை சனிக்கிழமை ஓட்டியிருப்பேன்! நார்டால் குன்றின் மேல் இருக்கிறது. ஏறும்போது டிரக்கின் பின்னாலிருந்து ஒரு பீட்ரூட்டாவது உருண்டு ஊருக்குள் போய்விடும். எல்ம் ரிவர் சப்பாத்தி மாதிரித் தட்டை. அங்கே ஓட்ஸ் வறுக்கும் ஆலை ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் ஊர் முழுக்க லேசாகத் தீய்ந்த கஞ்சி மணக்கும். இன்றைக்கும் வீட்டில் கஞ்சி அடி பிடித்தால் மார்லிஸ் ஜன்னலைத் திறப்பாள். எனக்குப் பத்தொன்பது வயதாகும்.

அவளை நான் சந்தித்தது திருடப் போன இடத்தில். இரண்டு கல்லூரிகளும் வருடா வருடம் கால்பந்தில் மோதும். ஜெயித்தவனுக்கு வெண்ணெய் கடையும் ஒரு பழைய மரக்குடம். அந்த வருடம் நார்டால் ஜெயித்து, அதைத் தேவாலயத்தின் நிலவறையில் பூட்டி வைத்திருந்தது. பூட்டை உடைக்க ஒரு பெரிய குழாய்த் திருகியோடு நான் போனேன். உள்ளே நுழைந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, பாடகர் குழு ஒத்திகைக்கு வந்துவிட்டது. பால்கனிக்குக் கீழே கடைசி பெஞ்சுக்கு அடியில் படுத்துவிட்டேன். இரண்டு மணி நேரம். ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை என்று நான்கு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி, என் முதுகுக்கு அடியில் இருந்த மரத்தரை நடுங்கியது. திருட வந்ததையே மறந்துவிட்டேன். அப்புறம் தும்மினேன்.

ஊதா அங்கி போட்ட ஒருத்தி குனிந்து பார்த்தாள்.

"யாரு நீ?"

"பியானோ ட்யூன் பண்றவன்."

அவள் என் கையிலிருந்த திருகியைப் பார்த்தாள். கழிவறைக் குழாயைக்கூட அதால் நாசமாக்கலாம். "பெஞ்சுக்கு அடியிலயா பியானோ இருக்கு?" என்றாள். பிறகு நிமிர்ந்து, முன்னால் நின்ற பாட்டு ஆசிரியரிடம் உரக்கச் சொன்னாள்: "பியானோ பாக்க வந்தவராம் சார். எல்லாம் சரியா இருக்காம். கிளம்பறாராம்."

அப்படித்தான் தொடங்கிற்று. ஒரு குளிர்காலம் முழுக்க டிரக். எழுபத்து நான்கு பிப்ரவரியில் டிரக் எஞ்சின் போயிற்று. ஒரு கடிதம் எழுதினேன். செப்டம்பரில் அவள் இரண்டு பெட்டிகளோடு எல்ம் ரிவரில் வந்து இறங்கினாள். அடுத்த கோடையில் நார்டால் பாடகர் குழு நார்வேக்கு விமானம் ஏறிப் போய்ப் பாடிவிட்டு வந்தது. அவள் அப்போது எல்ம் ரிவர் பல் மருத்துவரிடம் சந்திப்பு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்திருந்தாள். பல் மருத்துவர்கள் மாறினார்கள், வேலை மாறவில்லை.

பிறகு அவள் எங்கும் பாடியதில்லை. பாத்திரம் துலக்கும்போது மட்டும் மூக்கால் ஏதோ முனகுவாள். மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் ஒரே இடத்தில் நின்று அலையும். "என்ன பாட்டு அது, குளிர்பெட்டி ஓடற மாதிரி இருக்கு?" என்று கேலி செய்வேன். "ஆல்ட்டோ," என்பாள். "நாலு குரல்ல ஒண்ணு. தனியாக் கேட்டா என்ன பாட்டுன்னு தெரியாது."

"டுவேன்," என்றாள் மார்லிஸ் இப்போது, கேலன் வீட்டு மேசையில். "மணி பதினொண்ணரை ஆச்சு."

ட்ரேயில் ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது. எங்கள் பக்கத்தில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். கத்தியால் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுப்பார்கள். அடுத்தவர் மிச்சப் பாதியைப் பாதியாக்குவார். எங்கள் தேவாலயத்து நூற்றாண்டு விழாவில் அவரை விதை அளவு இருந்த ஒன்றைப் போதகர் இரண்டாக வெட்டியதை நான் பார்த்திருக்கிறேன். மிச்சம் இருந்ததைக் காகிதத்தில் சுற்றி வைத்தார்கள். கேலன் கத்தியைக் கையில் எடுத்திருந்தார்.

"அப்போ கிளம்பலாமா?" என்றேன். "நார்டாலுக்கா? உனக்கு எப்படித் தோணுதோ. எனக்கு அங்க எல்ம் ரிவர்ல இப்ப பெருசா வேலை இல்ல. பலகைகூட..."

"அதான்," என்றாள். "பலகையை நட்டுட்ட. இப்ப நான் என்ன சொல்லணும்? 'சரி, நார்டாலுக்கே போலாம்'னு நான் சொல்லணும். நீ 'உன் இஷ்டம்' அப்படின்னு சொல்லுவ. அப்புறம் சாகற வரைக்கும் அது என்னோட முடிவு."

"நான் அப்படி நினைச்சு..."

"எழுபத்து நாலுலயும் இதேதான் பண்ணின."

"டிரக் நிஜமாவே ரிப்பேர், மார்லிஸ்."

"தெரியும். கடிதத்தோட கடைசியில எழுதினியே, 'எல்ம் ரிவர்லயும் இசைப் பிரிவு ஒண்ணு இருக்காம்'னு. அது?"

"இருந்துச்சே."

"ஒரு பியானோ, ஒரு டிராம்போன். அந்த டிராம்போனை ஊதினவனும் நான் வந்த அடுத்த பிப்ரவரியில படிப்பை விட்டுட்டு ஓடிட்டான்."

கேலன் கத்தியைப் பிடித்தபடியே சர்க்கரைப் பொட்டலத்தின் பின்பக்கத்தை மிகுந்த அக்கறையோடு படிக்க ஆரம்பித்தார். லவோன் நிரம்பியிருந்த என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள். அது தட்டில் வழிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"நீ 'வா'ன்னு எழுதல," என்றாள் மார்லிஸ். கோபமாகச் சொல்லவில்லை, பல் மருத்துவரிடம் வந்தவருக்கு நேரம் சொல்கிற குரலில் சொன்னாள். "அம்பு மட்டும் போட்ட. நானா திரும்பினேன். அதனால இத்தனை வருஷமா நீ என்னை ஒண்ணும் கேக்க வேண்டி வரல. ஏதாவது கேக்கணும்னா வாயைத் திறந்து கேளு, டுவேன். பச்சைக்கு முன்னாடி பச்சையை நட்டு வைக்காதே."

எனக்கு ஒரு ஜோக் தயாராக இருந்தது. எப்போதும் ஒன்று இருக்கும். நாற்பத்தொன்பது வருடத்தை அப்படித்தான் ஓட்டினேன். அதை வாய்க்குள் வைத்து ஒருமுறை உருட்டினேன், விழுங்கிவிட்டேன். கேக்கைவிடக் கஷ்டமாக இறங்கியது.

முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு முன்னால், வழிந்த காபிக்கு முன்னால், கேட்டேன்.

"அங்கேருந்து வந்ததுக்கு வருத்தப்பட்டியா?"

வானொலியில் எவனோ சோயா விலை சொல்லிக்கொண்டிருந்தான். லவோன் எட்டி அதை அணைத்தாள். கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். "பரவால்ல, சொல்ல வேண்டாம்" என்று சொல்லப் போனேன். நுனிநாக்கு வரை வந்தது.

மார்லிஸ் கையை நீட்டினாள். ட்ரேயில் இருந்த அந்தக் கடைசித் துண்டை, வெட்டாமல், முழுசாக எடுத்தாள். லவோனின் வாய் லேசாகத் திறந்துகொண்டது. கேலன் கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். என் அறுபது வருட நினைவில் இந்த மாவட்டத்தில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவள் அவசரப்படாமல் தின்றாள். ஒட்டியிருந்த பூச்சை விரலால் வழித்து அதையும் தின்றாள். கைத்துண்டில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா," என்றாள். "ஒவ்வொரு அக்டோபரும் வருத்தப்பட்டேன். உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு இல்ல. அதுக்கு ஒரு நாள்கூட இல்ல. பாட்டை விட்டதுக்கு. ரெண்டும் வேற வேற, ரெண்டும் நிஜம். இப்ப நார்டாலுக்குப் போறோம், நான் பாடப் போறேன். நீ பால்கனிக்குக் கீழ கடைசி பெஞ்சுல உக்காரு. அடியில இல்ல, மேல. மத்த மூணு குரலோட சேத்துக் கேளு, இத்தனை வருஷமா பாத்திரம் துலக்கும்போது நான் என்ன பாடினேன்னு தெரியும்."